ஸ்டார் வார்ஸ் தொடர்ச்சிப் புதினங்கள்

ஸ்டார் வார்ஸ் தொடர்ச்சிப் புதினங்கள் என்பவை, அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் உருவாக்கிய ஸ்டார் வார்ஸ் அறிபுனைத் திரைப்படத் தொடரின் கதையைத் திரைப்படங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தும், அவற்றின் இடைவெளிகளை நிரப்பியும் பல எழுத்தாளர்களால் எழுதப்பட்ட ஆங்கிலப் புதினங்கள் ஆகும். 1978ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வரிசை, வரைகதைகள், விளையாட்டுகள் ஆகியவற்றுடன் சேர்ந்து "விரிவாக்கப்பட்ட பேரண்டம்" என்று அழைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று அதுவரை வெளிவந்த புதினங்கள் அனைத்தும் அதிகாரபூர்வக் கதையிலிருந்து விலக்கப்பட்டு, "லெஜண்ட்ஸ்" (தொன்மக் கதைகள்) என்னும் தனிப் பெயரின் கீழ் கொண்டுவரப்பட்டன. ஒரு கதையைத் தொடரும் உரிமை யாருக்கு உண்டு, வாசகர் பல ஆண்டுகள் படித்த கதை "நடக்கவில்லை" என்று அறிவிக்க இயலுமா போன்ற கேள்விகளுக்கு இப்புதினங்களின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

வகைகள்

திரைப்படம் சார்ந்த புதினங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. திரைப்படப் புதினவடிவம்: திரைக்கதையையே உரைநடையாக எழுதுவது. பெரும்பாலும் படம் வெளியாகும் காலத்தை ஒட்டி வெளிவரும்.
2. தொடர்ச்சிப் புதினம்: படத்தின் முடிவுக்குப் பின் நிகழ்வனவற்றைப் புதிய கதையாகக் கூறுவது.
3. இடைநிரப்பி அல்லது முன்கதைப் புதினம்: இரு படங்களுக்கு இடைப்பட்ட காலத்தையோ, முதற் படத்துக்கு முந்தைய காலத்தையோ கூறுவது.

இக்கட்டுரை முதன்மையாக இரண்டாம், மூன்றாம் வகைகளைப் பற்றியது.

வரலாறு

தொடக்கம் (1976–1983)

முதல் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் 1977ஆம் ஆண்டு மே 25 அன்று வெளியானது. அதன் புதினவடிவம் அதற்கும் முன்பே, 1976ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்துவிட்டது. அட்டையில் ஆசிரியராக ஜார்ஜ் லூகாஸின் பெயர் இருந்தாலும், அதை எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர் என்னும் எழுத்தாளர் ஆவார்.

ஃபாஸ்டர் 1978ஆம் ஆண்டு எழுதிய "ஸ்ப்ளிண்டர் ஆஃப் த மைண்ட்ஸ் ஐ" என்பதே முதல் தொடர்ச்சிப் புதினம். முதற் படம் பெருவெற்றி பெறாவிட்டால், குறைந்த செலவில் எடுக்கக்கூடிய இரண்டாம் படத்துக்கு அடிப்படையாகும் என்ற எண்ணத்துடன் இது திட்டமிடப்பட்டது. எனவே கதை மிம்பன் என்னும் மூடுபனி சூழ்ந்த ஒரே கோளில் பெரும்பகுதி நடைபெறுகிறது. பனிமூட்டத்தில் படமாக்கினால் பெரிய அரங்கங்கள் தேவைப்படாது என்பது இதன் காரணம். அடுத்த படத்தில் நடிக்க ஹாரிசன் ஃபோர்டு அப்போது ஒப்பந்தமாகியிருக்கவில்லை என்பதால் ஹான் சோலோ இக்கதையில் இடம்பெறவில்லை. முதற் படம் எதிர்பாராத வெற்றி பெற்றதால் இப்புதினம் படமாகவில்லை.

இப்புதினத்தில் லூக் ஸ்கைவாக்கருக்கும் லெயாவுக்கும் இடையே காதல் அரும்புவது போன்ற காட்சிகள் உள்ளன. 1983ஆம் ஆண்டு வெளியான மூன்றாவது படத்தில் இவ்விருவரும் உடன்பிறந்த இரட்டையர் என்று கூறப்பட்டது. நடந்துகொண்டிருக்கும் திரைத் தொடர் ஒன்றுக்குத் தொடர்ச்சி எழுதுபவர் எதிர்கொள்ளும் இடருக்கு இது முதல் சான்று எனலாம்.

இதன் பின்னர் பிரையன் டேலி ஹான் சோலோவை நாயகனாகக் கொண்டு மூன்று புதினங்களையும் (1979–1980), எல். நீல் ஸ்மித் லாண்டோ கால்ரிசியனை நாயகனாகக் கொண்டு மூன்று புதினங்களையும் (1983) எழுதினர். இவை திரைப்படங்களுக்கு முந்தைய காலத்தில் நிகழ்வதால் படங்களின் கதையோடு மோதவில்லை.

இடைவெளிக் காலம்

1983க்குப் பின் புதிய படங்களோ பெரியவர்களுக்கான புதிய புதினங்களோ இல்லாத ஒரு காலம் நிலவியது. இக்காலத்தில் கதையுலகை உயிர்ப்புடன் வைத்திருந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது, வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு ஆகும். ஆட்டக்காரர்களுக்காக அச்சிடப்பட்ட கையேடுகள், படத்தில் ஒரு கணமே தோன்றும் உயிரினங்களுக்கும் கலங்களுக்கும் பெயரும் வரலாறும் தந்தன. பின்னர் வந்த எழுத்தாளர்கள் பலர் இக்கையேடுகளைத் துணைநூல்களாகக் கொண்டனர்.

த்ரான் முப்புதினம் (1991–1993)

சிறந்த குறும்புதினத்துக்கான ஹியூகோ விருதை 1984இல் பெற்ற திமோத்தி ஸான், பாண்டம் பதிப்பகத்துக்காக மூன்று புதினங்களை எழுதினார். அவை:

- ஏர் டு த எம்பயர் (பேரரசின் வாரிசு), 1991
- டார்க் ஃபோர்ஸ் ரைசிங் (எழும் இருண்ட ஆற்றல்), 1992
- த லாஸ்ட் கமாண்ட் (இறுதிக் கட்டளை), 1993

கதை மூன்றாம் படத்துக்கு ஐந்தாண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. பேரரசன் இறந்துவிட்டான், புரட்சியாளர்கள் புதிய குடியரசை அமைத்துவிட்டனர், லெயா இரட்டைக் குழந்தைகளைக் கருவுற்றிருக்கிறாள். இந்நிலையில் சிதறிய பேரரசுப் படைகளைத் திரட்டி, த்ரான் என்னும் பேரரசுக் கடற்படைத் தலைவன் மீண்டு வருகிறான். நீல நிறத் தோலும் சிவந்த கண்களும் கொண்ட த்ரானிடம் டார்த் வேடரைப் போன்ற மந்திர ஆற்றல் எதுவும் இல்லை. எதிரி இனத்தாரின் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஆராய்ந்து அவர்களது மனப்போக்கை அறிந்து, அதற்கேற்பப் போர் வகுப்பதே அவனது வலிமை. மாரா ஜேட், டாலன் கார்ட், படைத்தலைவன் பெல்லியான் ஆகிய பாத்திரங்களும் இப்புதினங்களிலேயே தோன்றின.

முதல் புதினம் நியூயார்க் டைம்ஸ் இதழின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. புதிய படம் எதுவும் வராத நிலையிலும் இக்கதையைப் படிக்க வாசகர் உள்ளனர் என்பதை இது பதிப்பாளருக்கு உணர்த்தியது.

பெருக்கம் (1994–1999)

இதன் பின்னர் ஆண்டுதோறும் பல புதினங்கள் வெளிவந்தன. கெவின் ஜே. ஆண்டர்சனின் "ஜெடாய் அகாதெமி" முப்புதினம் (1994), லூக் புதிய மாணவர்களைப் பயிற்றுவிப்பதைக் கூறுகிறது. மைக்கேல் ஸ்டாக்போல் 1996இலும் ஆரன் ஆல்ஸ்டன் 1998இலும் எழுதத் தொடங்கிய "எக்ஸ்-விங்" வரிசை, படத்தில் சில நிமிடங்களே தோன்றும் வெட்ஜ் அண்டிலீஸ் போன்ற விமானிகளை முன்னிறுத்தியது. ஸ்டீவ் பெர்ரியின் "ஷேடோஸ் ஆஃப் த எம்பயர்" (1996), இரண்டாம், மூன்றாம் படங்களுக்கு இடைப்பட்ட கதையைக் கூறுகிறது. இதற்குத் துணையாக வரைகதை, கணினி விளையாட்டு, இசைத்தொகுப்பு ஆகியன வெளிவந்தன. திரைப்படம் மட்டும் எடுக்கப்படவில்லை.

புதிய ஜெடாய் வரிசை (1999–2003)

1999இல் வெளியீட்டு உரிமை மீண்டும் டெல் ரே பதிப்பகத்தை அடைந்தது. அது பல எழுத்தாளர்களைக் கொண்டு, முன்கூட்டியே வகுத்த ஒரே பெருங்கதையை 19 புதினங்களாக வெளியிட்டது. விண்மீன் மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் யூசான் வோங் என்னும் இனத்தாரின் படையெடுப்பே இதன் கரு. ஆர். ஏ. சால்வடோர் எழுதிய முதல் புதினமான "வெக்டர் பிரைம்" இல், ஹான் சோலோவின் தோழன் சூபாக்கா, ஹானின் இளைய மகனைக் காப்பாற்றிவிட்டு, கோளின் மீது விழும் துணைக்கோளால் உயிரிழக்கிறான். முதன்மைப் பாத்திரங்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வர் என்ற வாசகரின் நம்பிக்கை இதனால் உடைந்தது. பலர் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். வேறு சிலர் கதைக்கு மீண்டும் கனம் வந்ததாகக் கருதினர். 2001இல் வெளிவந்த டிராய் டென்னிங்கின் "ஸ்டார் பை ஸ்டார்" புதினத்தில் அந்த இளைய மகனும் இறக்கிறான்.

இதனைத் தொடர்ந்து தலா ஒன்பது புதினங்கள் கொண்ட "லெகசி ஆஃப் த ஃபோர்ஸ்" (2006–2008), "ஃபேட் ஆஃப் த ஜெடாய்" (2009–2012) ஆகிய வரிசைகள் வந்தன. முதல் வரிசையில் ஹான், லெயா தம்பதியரின் மூத்த மகன் ஜேசன் இருண்ட பக்கம் சாய்ந்து, இறுதியில் தன் இரட்டைச் சகோதரி ஜெய்னாவின் கையால் இறக்கிறான்.

கதை ஒருமைப்பாடும் தரவுத்தளமும்

நூற்றுக்கணக்கான நூல்களைப் பலர் எழுதும்போது, ஒருவர் இறந்ததாகக் கூறியவரை மற்றொருவர் உயிருடன் காட்டிவிடும் இடர் உண்டு. இதனைத் தவிர்க்க லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் "ஹோலோகிரான்" என்னும் தரவுத்தளத்தைப் பேணியது. லீலண்ட் சீ என்பவர் இதன் பொறுப்பாளராக இருந்தார். ஒவ்வொரு பாத்திரமும் கோளும் நிகழ்வும் இதில் பதிவு செய்யப்பட்டதுடன், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நிலை வழங்கப்பட்டது. அவை:

- ஜி நிலை: ஜார்ஜ் லூகாஸின் திரைப்படங்கள். எல்லாவற்றுக்கும் மேலானது.
- டி நிலை: தொலைக்காட்சித் தொடர்கள்.
- சி நிலை: புதினங்கள், வரைகதைகள் முதலியன.
- எஸ் நிலை: பழைய அல்லது ஐயத்துக்குரிய படைப்புகள்.
- என் நிலை: கதையில் சேராதவை.

இரு நிலைகள் முரண்பட்டால் மேல்நிலையே உண்மையாகக் கொள்ளப்பட்டது. அதாவது புதினம் கூறுவது, படம் மறுக்காதவரை மட்டுமே செல்லும். புதிய படத்தால் முரண் ஏற்பட்டபோது, பின்னர் வரும் நூலொன்றில் பழைய நிகழ்வுக்கு வேறு விளக்கம் தந்து சரிசெய்வது வழக்கம். இது பின்னோக்கிய திருத்தம் எனப்படும்.

கால வரிசைக்கும் ஒரு முறை வகுக்கப்பட்டது. முதற் படத்தின் இறுதியில் நிகழும் யாவின் போரை அடிப்படையாகக் கொண்டு, நாம் கி.மு., கி.பி. என்று குறிப்பது போல, யாவின் போருக்கு முன், பின் என்று ஆண்டுகள் கணக்கிடப்பட்டன.

புதினங்களிலிருந்து திரைக்குச் சென்றவை

பொதுவாகத் திரையிலிருந்தே புதினங்களுக்குச் செய்திகள் சென்றன. எனினும் எதிர்த்திசையிலும் சில சென்றுள்ளன. குடியரசின் தலைநகரக் கோளுக்குக் கொரசான்ட் என்னும் பெயரைச் சூட்டியவர் திமோத்தி ஸான் ஆவார். 1999ஆம் ஆண்டுத் திரைப்படம் அதே பெயரை ஏற்றுக்கொண்டது. ஃபாஸ்டரின் மிம்பன் கோள், ஹான் சோலோவின் இளமைக் கதையைக் கூறும் 2018ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் போர்க்களமாக இடம்பெற்றது.

2014ஆம் ஆண்டு அறிவிப்பு

2012ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று, லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை ஏறத்தாழ 405 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக வால்ட் டிஸ்னி நிறுவனம் அறிவித்தது. உடன் புதிய திரைப்படங்களும் அறிவிக்கப்பட்டன. மூன்றாம் படத்துக்குப் பிந்தைய கதையைப் புதினங்கள் ஏற்கனவே பல பத்தாண்டுக் காலத்துக்குக் கூறிவிட்டிருந்தன. புதிய படங்கள் அவற்றைப் பின்பற்றினால், புதினம் படிக்காத பார்வையாளருக்குச் சூபாக்கா ஏன் இல்லை என்பதில் தொடங்கி ஒவ்வொன்றையும் விளக்க வேண்டியிருக்கும். படித்தவர்களுக்கோ முடிவு முன்பே தெரிந்திருக்கும்.

எனவே 2014 ஏப்ரல் 25 அன்று, அதுவரை வெளியான ஆறு திரைப்படங்களும் "த குளோன் வார்ஸ்" அசைவூட்டப் படமும் தொடரும் அதிகாரபூர்வக் கதையாக நிலைபெறும் என்றும், அதுவரையிலான புதினங்கள் "லெஜண்ட்ஸ்" என்ற பெயரில் தொடர்ந்து அச்சில் இருக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. இனி எழுதப்படும் புதினங்கள் திரைப்படங்களுக்கு இணையான நிலை பெறும் எனவும் கூறப்பட்டது. புதிய முறையில் வந்த முதல் புதினம் ஜான் ஜாக்சன் மில்லரின் "எ நியூ டான்" (2014) ஆகும். அதன் பின் கிளாடியா கிரேயின் "லாஸ்ட் ஸ்டார்ஸ்" (2015), சக் வெண்டிக்கின் "ஆஃப்டர்மாத்" (2015) முதலியன வெளிவந்தன.

2015ஆம் ஆண்டு வெளியான ஏழாம் படத்தில் சூபாக்கா உயிருடன் இருக்கிறான். லூக்குக்கு மனைவியோ மகனோ இல்லை. புதினங்களில் அவன் மணந்த மாரா ஜேட் இக்கதையில் தோன்றவே இல்லை. ஆயினும் ஹான், லெயா தம்பதியரின் மகன் இருண்ட பக்கம் சாய்வது என்னும் கரு, ஜேசனின் கதையை வாசகருக்கு நினைவூட்டியது.

வாசகரின் எதிர்வினை இருவகைப்பட்டது. தாம் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்த கதை முடிக்கப்படாமலேயே கைவிடப்பட்டதாகச் சிலர் வருந்தினர். கற்பனைக் கதைகளுள் ஒன்று உண்மை, மற்றொன்று பொய் என்று ஒரு நிறுவனம் அறிவிப்பதால் நூலின் பக்கங்கள் மாறிவிடுவதில்லை என்று வேறு சிலர் கருதினர்.

த்ரானின் மீள்வரவு

விலக்கப்பட்ட பாத்திரங்கள் சில மீண்டும் ஏற்கப்பட்டன. 2016ஆம் ஆண்டு "ஸ்டார் வார்ஸ் ரெபல்ஸ்" அசைவூட்டத் தொடரின் மூன்றாம் பருவத்தில் த்ரான் தோன்றினான். திமோத்தி ஸானே மீண்டும் அழைக்கப்பட்டு, 2017 முதல் த்ரானைப் பற்றிய புதிய புதினங்களை எழுதினார். 2023ஆம் ஆண்டு "அசோகா" தொலைக்காட்சித் தொடரில் லார்ஸ் மிக்கெல்சன் த்ரானாக நடித்தார். பாத்திரம் தோன்றி 32 ஆண்டுகளுக்குப் பின் அது நடிகர் ஒருவரின் உருவில் திரையை அடைந்தது. எனினும் 1991ஆம் ஆண்டுப் புதினத்தின் நிகழ்வுகள் அதிகாரபூர்வக் கதையில் மீண்டும் சேர்க்கப்படவில்லை.

வாசிப்பு இன்பமும் திறனாய்வும்

திரைப்படம் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுவது. பாத்திரங்களின் எண்ணங்களை முகத்தாலும் உரையாடலாலும் மட்டுமே காட்ட வல்லது. புதினம் அவர்களின் உள்ளத்தில் நுழைந்து பேசக்கூடியது. மேத்தியூ ஸ்டோவர் எழுதிய மூன்றாம் அத்தியாயத் திரைப்படத்தின் புதினவடிவம் (2005), அனகின் ஸ்கைவாக்கரின் வீழ்ச்சியைப் படத்தைவிட நம்பத்தக்க வகையில் விளக்குவதாக வாசகர் பலரால் பாராட்டப்படுகிறது. மேலும், வெற்றிக்குப் பின் வரும் ஆட்சிச் சிக்கல்கள், போர் முடிந்த வீரரின் வாழ்க்கை, முதுமை, பிள்ளைகள் போன்ற பொருள்களுக்குப் புதினத்தில் இடமுண்டு. பழகிய பாத்திரங்களோடு கூடுதல் காலம் வாழும் வாய்ப்பே பெரும்பாலான வாசகரை ஈர்ப்பதாகும்.

இவற்றின் மீது வைக்கப்படும் குறைகளும் உண்டு. தரம் சீராக இல்லை. ஒவ்வொரு புதினமும் முந்தையதைவிடப் பெரிய அழிவு ஆயுதத்தைத் தேடுகிறது. இறந்த எதிரிகள் மீண்டும் மீண்டும் எழுகின்றனர். நாயகர்களுக்கு ஓய்வே கிட்டுவதில்லை என்பன அவற்றுள் சில. எழுத்தாளரின் நிலையும் விவாதத்துக்குரியது. இப்புதினங்களின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவரிடம் இருப்பதில்லை. தாம் படைத்த பாத்திரத்தின் வருங்காலத்தை அவர் தீர்மானிக்க இயலாது. ஸான் உருவாக்கிய மாரா ஜேடை 2007ஆம் ஆண்டு வேறோர் எழுத்தாளரின் புதினம் இறக்கச் செய்தது. ஆலன் டீன் ஃபாஸ்டர் தமது பழைய புதினங்களுக்கான விற்பனைப் பங்குத் தொகை வரவில்லை என்று 2020ஆம் ஆண்டு அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் சங்கத்தின் துணையுடன் பொதுவெளியில் முறையிட்டார்.

புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் வெளியான வரிசையில், த்ரான் முப்புதினத்திலிருந்து தொடங்குகின்றனர். கதைக் கால வரிசையில் படிப்பின், பின்னர் எழுதப்பட்ட முன்கதைகள் முதற் கதைகளின் திருப்பங்களை வெளிப்படுத்திவிடும் இடர் உண்டு.

தமிழ்ச் சூழலில் ஒப்புமைகள்

ஒருவர் படைத்த கதையை மற்றொருவர் தொடர்வது தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளின் கதையைச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை கூறுகிறது. இரண்டும் இரட்டைக் காப்பியங்கள் எனப்படுகின்றன. கம்பர் யுத்த காண்டத்தோடு நிறைவுசெய்த இராமாயணத்துக்கு உத்தர காண்டம் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது மரபு. வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களில் பாடிய பாரதத்தை, 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை 18 பருவங்களாக விரித்து நிறைவுசெய்தார்.

செஞ்சி வட்டாரத்தில் இவ்வழக்கம் நாட்டார் மரபிலும் காணப்படுகிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயில் அவ்வழிபாட்டின் மூலக் கோயிலாகக் கருதப்படுகிறது. இவ்வழிபாட்டில் அம்மனின் காவலராக விளங்கும் போத்துராசா, முத்தால் ராவுத்தர் ஆகியோர் வியாச பாரதத்தில் இல்லாதவர்கள். பாரதக் கூத்து பார்ப்போருக்கு இவர்களும் கதையின் மாந்தரே. இம்மரபை ஆல்ஃப் ஹில்டெபைடல் என்னும் ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தற்காலத்தில், கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வன் முடிந்தபோது, பாத்திரங்களின் பிற்கால வாழ்வை அறிய வாசகர் விரும்பினர்; கல்கி முடிவுரை எழுதிச் சிலவற்றுக்கு விடையளித்தார். பின்னர் விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக "நந்திபுரத்து நாயகி"யை எழுதினார். கல்கியே, "பார்த்திபன் கனவு" எழுதிய பின்னர் அதற்கு முந்தைய காலத்தைக் கூறும் "சிவகாமியின் சபத"த்தை எழுதியவர்.

தமிழ் அறிபுனைவில், சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய "என் இனிய இயந்திரா"வின் தொடர்ச்சியை "மீண்டும் ஜீனோ" என்ற பெயரில் தாமே எழுதினார். ஏவுகணைக் கடத்தலை மையமாகக் கொண்ட 1986ஆம் ஆண்டுத் திரைப்படமான "விக்ரம்" உருவானபோது, அதன் கதை சுஜாதாவின் எழுத்தில் குமுதம் இதழில் தொடராகவும் வெளிவந்தது. எந்திரன் (2010) திரைப்படத்தின் கதை 2.0 (2018) என்ற அடுத்த படத்தில் தொடர்ந்தது. புதின வரிசையாக வளரவில்லை. தமிழில் தொடர்ச்சி எழுதும் வழக்கம் பெரும்பாலும் காப்பியத்தையும் வரலாற்றுப் புதினத்தையும் சார்ந்தே வளர்ந்தது எனலாம். எது அதிகாரபூர்வமானது என்பதை அங்கு நிறுவனம் எதுவும் அறிவிக்கவில்லை; படிப்போரும் கூத்துப் பார்ப்போருமே காலப்போக்கில் முடிவு செய்தனர்.

இவற்றையும் பார்க்க

- அறிபுனை
- ஜார்ஜ் லூகாஸ்
- மணிமேகலை (காப்பியம்)
- பொன்னியின் செல்வன்
- சுஜாதா (எழுத்தாளர்)
- திரௌபதி அம்மன் வழிபாடு